கூட்டல், கழித்தல், ஒரு கோட்டுப்படம்

இந்தத் தடவை கொஞ்சம் பொட்டி தட்டுற மேட்டர். பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், ஏன்னா விஷயம் ரொம்ப சாதாரணமானதுதான். நாம ஒரு பெரிய மாற்றம் செஞ்சிருக்கோம். அதை முழுசா படிக்க நேரமில்லாத ஒருத்தருக்கு ஒரே பார்வையில எப்படிச் சொல்றது? இந்த ஒரு கேள்விக்காக சாஃப்ட்வேர்காரங்க அம்பது வருஷமா மண்டையை உடைச்சிக்கிட்டு இருக்காங்க. அந்தக் கதைதான் இது.

கதையை எழுதி, திருத்தி, "கதை_கடைசி", "கதை_உண்மையிலேயே_கடைசி"ன்னு பேர் வச்சு சேமிக்கிற பழக்கம் நம்ம எல்லாருக்கும் உண்டு. அதையே ஒழுங்கா, தேதி போட்டு, யார் எதை மாத்தினாங்கன்னு கணக்கு வச்சு செய்யுற கருவிக்குப் பேர் வெர்ஷன் கண்ட்ரோல். இப்போ பெரும்பாலானவங்க பயன்படுத்துறது கிட். அதுல ஒரு மாற்றத்தோட சுருக்கத்தைக் கேட்டா இப்படி ஒரு குட்டிப் படம் வரும் (அசல் ஆங்கிலத்துல வரும், நான் தமிழ்ல போட்டிருக்கேன்):

கர்னல்/எக்ஸிட்.சி | 2 ++
மேக்ஃபைல் | 6 +++---
2 ஃபைல்கள் மாறின, 5 வரி சேர்ப்பு(+), 3 வரி நீக்கம்(-)

அவ்ளோதான். ஃபைல் பேரு, எத்தனை வரி, எவ்வளவு கூட்டல், எவ்வளவு கழித்தல். பார்க்க சப்பையா இருக்குல்ல? ஆனா இந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் "இதை உட்கார்ந்து படிக்கணும்", "இது சின்ன விஷயம், தள்ளிவிட்டுடலாம்"னு உலகம் முழுக்க முடிவெடுக்கிறாங்க. அதனால இந்தப் படம் எதைக் காட்டுது, எதை மறைக்குதுங்கிறது சாதாரண விஷயம் இல்லை.

மனுஷனுக்காக எழுதாத டிஃப்

கதை பெல் லேப்ஸ்ல ஆரம்பிக்குது. 1972-ல மார்க் ராக்கைண்ட் அங்கே எஸ்.சி.சி.எஸ்.ங்கிற முதல் வெர்ஷன் கண்ட்ரோல் கருவியை எழுதினார். 1974-ல வந்த ஐந்தாம் பதிப்பு யுனிக்ஸ்ல டிஃப்ங்கிற நிரல் சேர்ந்துச்சு. எழுதினவர் டக்ளஸ் மெக்கில்ராய். இது எப்படி வேலை செய்யுதுன்னு ஜேம்ஸ் ஹண்ட்டும் அவரும் சேர்ந்து 1976-ல ஒரு அறிக்கையும் வெளியிட்டாங்க.

ரெண்டு ஃபைலைக் கொடுத்தா எந்தெந்த வரி வேறுபடுதுன்னு டிஃப் சொல்லிடும். ஆனா எப்படிச் சொல்லும்? "அஞ்சாவது வரியை மாத்து", "பத்தாவது வரிக்கு அப்புறம் இதைச் சேர்"ங்கிற தினுசுல, மூணே மூணு எழுத்து வச்சு. ஈடி-ன்னு அப்போ இருந்த எடிட்டரோட கட்டளைகளைத் தழுவின வடிவம் அது. பழைய ஃபைல்மேல அந்தக் கட்டளைகளை ஓட்டினா புது ஃபைல் கிடைச்சிடும். அதாவது அந்த வடிவம் பொட்டிக்கு வசதியா இருந்துச்சு. மனுஷனுக்கு வரி எண் மட்டும் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

அடுத்தது 1981. பெர்க்லி யுனிக்ஸ்ல காண்டெக்ஸ்ட் டிஃப் வந்துச்சு. மாறின வரிக்கு மேலயும் கீழயும் இருக்கிற வரிகளையும் சேர்த்துக் காட்டுச்சு. இப்பத்தான் படிக்கிறவர் ஒருத்தர் இருக்காருங்கிற நினைப்பே வந்த மாதிரி இருக்கு. மாறின வரிக்கு ஆச்சரியக்குறி, புது வரிக்குக் கூட்டல், போன வரிக்குக் கழித்தல். ஆனா பழைய துண்டு தனியா, புதுத் துண்டு தனியா ரெண்டு தடவை அச்சடிச்சதால நீளம் ஜாஸ்தி.

1985-ல லாரி வால் (ஆமா, பின்னாடி பெர்ல் மொழியைக் கொண்டுவந்த அதே ஆளுதான்) பேட்ச்ங்கிற நிரலை வெளியிட்டார். டிஃப் கொடுத்ததை வாங்கி, அதை ஃபைல்மேல தானே ஒட்டுறது அதோட வேலை. இதுக்கு அப்புறம்தான் மாற்றங்களை மெயில்ல அனுப்புற கலாச்சாரமே சூடு பிடிச்சுது. 1990-ல வேய்ன் டேவிசன் பழசையும் புதுசையும் ஒரே துண்டுல கலந்து காட்டுற யூனிஃபைட் டிஃப்பைக் கொண்டுவந்தார். 1991 ஜனவரியில அது க்னூ டிஃப்ல சேர்ந்துடுச்சு. இன்னிக்கு நாம பார்க்கிற கூட்டல் கழித்தல் வடிவம் அதுதான்.

சுருக்கம் பிறந்தது

மெயில்ல பேட்ச் வர ஆரம்பிச்சதும் ஒரு புதுத் தலைவலி. ஆயிரம் வரி பேட்ச் வந்து நிக்குது. அதுல என்ன இருக்கு? எந்த ஃபைலைத் தொட்டிருக்காங்க? கடைசி வரைக்கும் உருட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

1992-ல தாமஸ் டிக்கி டிஃப்ஸ்டாட்னு ஒரு குட்டி நிரல் எழுதினார். எக்ஸ்டெர்ம், என்கர்சஸ் மாதிரி டெர்மினல் சமாச்சாரங்களை வருஷக்கணக்கா பராமரிச்சிட்டு வர்றவர் அவர். டிஃப்பை இந்த நிரலுக்குள்ள ஊத்தினா, ஃபைலுக்கு ஒரு வரி வீதம் மேலே சொன்ன கோட்டுப்படம் வெளியே வரும். காண்டெக்ஸ்ட் டிஃப்ல ஆச்சரியக்குறி இருந்ததால படத்துலயும் மாறின வரிக்கு ஆச்சரியக்குறி உண்டு. யூனிஃபைட் டிஃப்ல "மாறின வரி"ன்னு ஒண்ணு கிடையாது. பழசு ஒண்ணு போச்சு, புதுசு ஒண்ணு வந்துச்சு, அவ்ளோதான். அதனால ஒரு கமாவைத் திருத்தினாலும் ஒரு கழித்தல், ஒரு கூட்டல். இந்த விஷயத்தை ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னாடி வரும்.

லினக்ஸ் கர்னல் கூட்டம் இதைக் கெட்டியா பிடிச்சிக்கிட்டாங்க. பேட்ச் அனுப்புறது எப்படின்னு சொல்ற அவங்க ஆவணத்துல, படத்தோட அகலம் 70 எழுத்துக்குள்ள இருக்கணும், ஃபைல் பேர் மூலத்தோட உச்சியிலிருந்து தொடங்கணும்னு டிஃப்ஸ்டாட்டுக்குக் கொடுக்க வேண்டிய ஆப்ஷன் வரைக்கும் எழுதி வச்சிருக்காங்க. 80 எழுத்து திரையில, பதில் மெயில்ல மேற்கோள் காட்டும்போது உடையக்கூடாதே, அதுக்குத்தான்.

ரெண்டே ரெண்டு கூட்டல்

இந்த இடத்துல கதையைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு சம்பவம் சொல்லணும்.

2003 நவம்பர். அப்போ லினக்ஸ் கர்னலோட அசல் மூலம் பிட்கீப்பர்ங்கிற கருவியில இருந்துச்சு. அது வேணாம்னவங்களுக்காக சி.வி.எஸ்.ல ஒரு நகல் வச்சிருந்தாங்க. அந்த நகலுக்குள்ள யாரோ நேரடியா கைவச்சு, எக்ஸிட்.சிங்கிற ஃபைல்ல ரெண்டு வரி சேர்த்துட்டாங்க. பார்க்க ஏதோ பிழைச் சோதனை மாதிரி இருக்கும். ஆனா "பயனர் எண் பூஜ்யமா?"ன்னு கேட்க வேண்டிய இடத்துல ரெண்டு சமக்குறிக்குப் பதிலா ஒரே ஒரு சமக்குறி. அதாவது கேள்வி இல்லை, கட்டளை: "பயனர் எண்ணைப் பூஜ்யமாக்கு". லினக்ஸ்ல பூஜ்யம்னா ரூட், சர்வ வல்லமை உள்ள ஆளு. குறிப்பிட்ட விதமா ஒரு அழைப்பு விட்டா போதும், மெஷின் கைக்கு வந்துடும்.

கோட்டுப்படத்துல இது எப்படித் தெரியும்? மேலே நான் போட்ட உதாரணத்தோட முதல் வரியைப் பாருங்க. ரெண்டு கூட்டல். அவ்ளோதான். நீளத்தை வச்சு முடிவெடுத்தா யாரும் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

பிடிபட்டது எப்படின்னா, அசலையும் நகலையும் ஒத்துப் பார்க்கிற சோதனையில அந்த ஒரு ஃபைல் இடிச்சுது. பிட்கீப்பரை உருவாக்கின லாரி மெக்வாய் அதைச் சொல்ல, மத்தவங்க உட்கார்ந்து அந்த ரெண்டு வரியைப் படிச்சாங்க. அசலுக்குள்ள அது போகவே இல்லை. "அங்கே இல்லாத மாற்றம் இங்கே ஏன் இருக்கு?"ங்கிற கேள்விதான் காப்பாத்துச்சு. மாற்றம் பெருசா சின்னதான்னு யாரும் பார்க்கலை, அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கான்னுதான் பார்த்தாங்க. என்னைப் பொறுத்தவரை இந்தச் சுருக்கப் படத்தோட முதல் வேலையும் அதுதான்: எங்கே கை பட்டிருக்குன்னு ஒண்ணு விடாம சொல்றது.

கிட் வந்த பிறகு

2005 ஏப்ரல்ல பிட்கீப்பரோட இலவச உரிமம் போச்சு, லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார், மீதி எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாத விஷயம், இந்தக் கோட்டுப்படத்தைக் கிட்டுக்குள்ளயே கொண்டுவந்தது. 2005-லேயே பேட்சை ஒட்டுற கட்டளையில லினஸ் அதைச் சேர்த்தார். 2006 ஏப்ரல்ல ஜொஹானஸ் ஷிண்டெலின் டிஃப் கட்டளையிலேயே சேர்த்தார். அதுக்கு அப்புறம் தனி நிரல் தேவைப்படலை. வேற ஒருத்தரோட கிளையிலிருந்து மாற்றங்களை இழுத்தா, முடிவுல படம் தானா வரும். அனுப்பினவர் மெயில்ல போட்ட படமும் நம்ம திரையில வந்த படமும் ஒத்துப்போகுதான்னு ஒரு பார்வை பார்த்துக்கலாம்.

அப்புறம் நடந்த திருத்தங்கள் எல்லாம் சின்னச் சின்னது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு நியாயம் இருக்கு. எனக்குப் பிடிச்ச சிலது:

1. காணாமப் போன கழித்தல். ஒரு ஃபைல்ல 300 வரி சேர்த்து 1 வரி நீக்கினா, படத்தை அகலத்துக்குள்ள அடக்கச் சுருக்கும்போது அந்த ஒத்தைக் கழித்தல் பூஜ்யமாகி மறைஞ்சிடும். பார்க்கிறவர் "வெறும் சேர்ப்புதான்"னு நினைச்சுக்குவார். அதனால எவ்வளவு சின்ன மாற்றமா இருந்தாலும் குறைஞ்சது ஒரு குறியாவது வந்தே ஆகணும்னு கணக்கை மாத்தினாங்க. அகலத்துல ஒண்ணைக் குறைச்சு விகிதம் போட்டுட்டு, அப்புறம் ஒண்ணைக் கூட்டிடுறது. எளிய தந்திரம், நேர்மையான படம்.

2. பேர் மாற்றம். ஒரு ஃபைலை இந்த ஃபோல்டர்லேருந்து அந்த ஃபோல்டருக்கு நகர்த்தினா சி.வி.எஸ். காலத்துல 500 கழித்தல், 500 கூட்டல். உண்மையில ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. பேர் மாற்றத்தைத் தனியா பதிவு பண்ணத் தேவையில்லை, உள்ளடக்கத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிக்கலாம்னு லினஸ் 2005-ல வாதாடினார். அப்படியே, பாதிக்குப் பாதி ஒத்துப்போனா பேர் மாற்றம்னு எடுத்துக்கிட்டு, பழசு => புதுசுன்னு ஒரே வரியில காட்டுற வசதி வந்துச்சு. கேட்காமலே அப்படிக் காட்டுறதுங்கிறது 2016-ல, 2.9 பதிப்புலதான் வந்துச்சு.

3. பைனரி. படம், பாட்டு மாதிரி ஃபைல்களுக்கு வரிக்கணக்கு கிடையாது. முதல்ல "பைனரி"ன்னு மட்டும் காட்டிட்டு விட்டுடும். 2007-லேருந்து முன்னாடி எத்தனை பைட், பின்னாடி எத்தனை பைட்னு காட்டுது.

4. ஃபோல்டர் கணக்கு. 2008-ல லினஸ் டிர்ஸ்டாட்னு ஒண்ணு சேர்த்தார். ஃபைல் ஃபைலா சொல்லாம, எந்த ஃபோல்டர்ல எத்தனை சதவீதம் மாற்றம்னு சொல்லும். ஆயிரக்கணக்கான ஃபைல் மாறுற கர்னல் வெளியீட்டுக்கு இது இல்லாம முடியாது.

5. அகலம். ரொம்ப காலம் படம் 80 எழுத்துக்குள்ளயே அடங்கி இருந்துச்சு. ஜாவாக்காரங்க ஃபைல் பாதையைப் பத்திக் கேட்கவே வேணாம், மதுரைக்கும் சென்னைக்கும் நீளும். முன்பக்கத்தை வெட்டிட்டு மூணு புள்ளி வச்சிடும், எந்த ஃபைல்னே தெரியாது. 2012-லதான் டெர்மினல் எவ்வளவு அகலமோ அவ்வளவையும் பயன்படுத்த ஆரம்பிச்சுது. மெயில்ல போறதுக்கு மட்டும் பழையபடி 72 எழுத்து.

6. ஒரே வரியில எல்லாம். ஃபைல் புதுசா, அழிஞ்சதா, இயக்குற அனுமதி மாறிச்சாங்கிற தகவல் எல்லாம் படத்துக்குக் கீழே தனிப் பட்டியலா வரும். 2018-ல வந்த 2.17 பதிப்புல, அதையெல்லாம் ஃபைல் பேருக்குப் பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள காட்டுற ஆப்ஷன் வந்துச்சு. கண்ணு மேலயும் கீழயும் அலைய வேண்டாம்.

"1 ஃபைல்கள் மாறின"

இந்தக் கதை நம்ம மாதிரி மொழிப் பித்துப் பிடிச்சவங்களுக்காக.

கிட் போடுற படத்தோட கடைசி வரியில ரொம்ப நாளா ஒரு இலக்கணப் பிழை. ஒரே ஒரு ஃபைல் மாறினாலும் ஆங்கிலத்துல பன்மைதான் வரும். "1 ஃபைல்கள் மாறின, 1 சேர்ப்புகள், 0 நீக்கங்கள்"ங்கிற மாதிரி. 2012 பிப்ரவரியில நுயென் தாய் நாக் டுய்ங்கிற பங்களிப்பாளர் இதைத் திருத்தினார். ஒண்ணுன்னா ஒருமை. பூஜ்யமா இருக்கிறதைச் சொல்லவே வேணாம், விட்டுடலாம். (டிக்கியோட டிஃப்ஸ்டாட் இதை ஏற்கெனவே சரியாத்தான் செஞ்சிட்டு இருந்துச்சாம்.) கூடவே அந்த வரியை மத்த மொழிகள்ல மொழிபெயர்க்கவும் வழி செஞ்சார்.

கேட்கவே சந்தோஷமா இருக்குல்ல? ஆனா அங்கேதான் சிக்கல். இந்தப் படம் நம்ம திரையில மட்டும் நிக்கிறதில்லை. பேட்சோட சேர்ந்து மெயில்ல போகுது. பொட்டியில வேற மொழி வச்சிருக்கிற ஒருத்தர் ஆங்கிலத்துல புழங்குற ஒரு குழுவுக்குப் பேட்ச் அனுப்பினா, நடுவுல அந்த ஒரு வரி மட்டும் அவர் மொழியில போய் நிக்கும். அனுப்பினவருக்கே அது தெரியாது. அதே வருஷம் செப்டம்பர்ல அதே டுய் மொழிபெயர்ப்பை மட்டும் திரும்ப எடுத்துட்டார். ஒருமை பன்மை திருத்தம் நிலைச்சிடுச்சு, ஆனா வரி எப்பவும் ஆங்கிலம்தான்.

எனக்கு இதுல வருத்தம் உண்டு, கோபம் இல்லை. படம் யாருக்காக? ஓட்டுறவருக்கா, வாங்கிப் படிக்கிறவருக்கா? வாங்கிப் படிக்கிறவருக்குன்னு முடிவு பண்ணாங்க. நியாயம்தான்.

சரி, தமிழ் ஃபைல் பேருக்கு என்ன கதி?

இது நான் அடிக்கடி பார்க்கிற கூத்து. என்னோட எழுத்தையெல்லாம் நான் கிட்லதான் வச்சிருக்கேன். "கதை"ன்னு தமிழ்ல ஃபைலுக்குப் பேர் வச்சா, எதையும் மாத்தாத கிட் அதை இப்படிக் காட்டும்:

"\340\256\225\340\256\244\340\257\210"

பயப்படாதீங்க, அது நம்ம கதையேதான். யூ.டி.எஃப்-8ல க, த, ஐகாரக் குறி மூணும் ஆளுக்கு மூணு பைட், மொத்தம் ஒன்பது பைட். ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணா மாத்தி அடிச்சிருக்கு. பழைய டெர்மினல்கள்ல வேண்டாத பைட் போய் குழப்பக்கூடாதுங்கிற முன்ஜாக்கிரதை. கோர்.கோட்பாத்ங்கிற செட்டிங்கை ஃபால்ஸ்னு மாத்தினா பேர் தமிழ்லயே வந்துடும்.

வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டா அடுத்த கூத்து. கோடெல்லாம் நேரா நிக்காது. படத்தை வரிசைப்படுத்தும்போது பேரோட நீளத்தை பைட் கணக்குல எடுத்துச்சு கிட். திரையில மூணு எழுத்து இடம்கூட எடுக்காத "கதை"க்கு ஒன்பது இடம் ஒதுக்கினா வரிசை எப்படி நேரா நிக்கும்? எல்லாரும் ஆங்கில எழுத்துல மட்டும் பேர் வைப்பாங்கன்னு நினைச்ச காலத்துக் கணக்கு அது. 2022 டிசம்பர்ல வந்த 2.39 பதிப்புலதான் திரையில எடுக்கிற அகலத்தைப் பார்க்க ஆரம்பிச்சுது. டிஃப் கட்டளைக்குள்ள படம் வந்து பதினாறு வருஷத்துக்கு அப்புறம்!

இன்னொண்ணும் இருக்கு. நாம எழுதுறது உரைநடை. ஒரு பத்தி முழுக்க ஒரே வரியா இருக்கும். அதுல ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தினாலும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல். பத்தியையே தூக்கிட்டு வேற எழுதினாலும் ஒரு கூட்டல், ஒரு கழித்தல். கோட்டுப்படத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். வரிதான் அளவுன்னு 1974-ல எடுத்த முடிவோட விளைவு இது. சொல் சொல்லா வித்தியாசம் காட்டுற வசதி கிட்ல இருக்கு, ஆனா சுருக்கப் படம் இன்னும் வரியைத்தான் எண்ணுது.

கோடு நீளம், விஷயம் கனம்

கிட்ஹப் 2008-ல வந்துச்சு. அவங்க கூட்டல் கழித்தலை இன்னும் சுருக்கி அஞ்சே அஞ்சு குட்டிக் கட்டமாக்கினாங்க, பச்சை, சிவப்பு, சாம்பல்னு. தானா உருவாகிற ஃபைல்களை முன்கூட்டியே குறிச்சு வச்சா அதோட விவரத்தை மடக்கியும் வச்சிடும். ஒரு நூலகத்தைப் புதுப்பிச்சா பூட்டு ஃபைல்ல பல ஆயிரம் வரி மாறும், அதை எந்த மனுஷனும் படிக்கப்போறதில்லை. மடக்குறது நியாயம்தான். ஆனா "இதைப் படிக்க வேண்டாம்"னு கருவியே சொல்ற இடம்தான் ஒளிஞ்சிக்கவும் நல்ல இடம்.

2024-ல எக்ஸ்.இசட். விவகாரம் அதைத்தான் காட்டுச்சு. எக்கச்சக்க லினக்ஸ் பொட்டிகள்ல இருக்கிற ஒரு சுருக்க நூலகத்துல, பராமரிப்பாளரா உள்ளே வந்த ஒருத்தர் பின்வாசல் வச்சார். மார்ச் 29 அன்னிக்கு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்ங்கிற நிரலர் அதை வெளியே கொண்டுவந்தார். அதோட முக்கியப் பகுதி எங்கே இருந்துச்சு தெரியுமா? சோதனைக்காக வச்ச பைனரி ஃபைல்களுக்குள்ள. அதைத் தட்டி எழுப்புற துண்டு வெளியீட்டுத் தொகுப்புல மட்டும் இருந்துச்சு, கிட்ல இல்லவே இல்லை. கோட்டுப்படத்துல சோதனை ஃபைலுக்குத் தெரியுறது "பைனரி, 0 -> இத்தனை பைட்" அவ்ளோதான்.

அதே ஆளு செஞ்ச இன்னொரு வேலை இன்னும் குரூரம். லேண்ட்லாக்ங்கிற பாதுகாப்பு வசதி இருக்கான்னு பார்க்கிற சோதனைத் துண்டுக்குள்ள, ஒரு வரியில ஒத்தைப் புள்ளி. அந்தப் புள்ளியால சோதனை எப்பவும் தோற்கும், அந்த வசதி இயங்கவே இயங்காது. படத்துல அது மத்த கூட்டல்களோட கலந்த ஒரு கூட்டல். 2003-ல ஒரு சமக்குறி குறைஞ்சுது, 2024-ல ஒரு புள்ளி கூடுச்சு.

அதனால நான் கத்துக்கிட்டது இதுதான். இந்தப் படம் எங்கே போய்ப் படிக்கணும்னு காட்டும். எதைப் படிக்க வேண்டாம்னு அது சொல்லாது, சொல்லவும் முடியாது. இத்தனை வருஷத் திருத்தங்கள்ல நல்லதெல்லாம் படத்தை அழகாக்கினதைவிட, ஒரு கழித்தலைக்கூட விடாம காட்ட வச்சதுதான். என்கிட்ட யாராவது படிச்சுப் பார்க்கச் சொல்லி மாற்றம் அனுப்பினா, படத்துல மூணு விஷயம் முதல்ல பார்ப்பேன்: தலைப்புல சொன்னதுக்கும் தொட்ட ஃபைலுக்கும் சம்பந்தம் இருக்கா, எதிர்பார்க்காத இடத்துல ஒத்தைக் குறி இருக்கா, பைனரி ஏதாவது வந்திருக்கா. நீளமான கோடு கடைசியில.

டிஸ்கி: கிட் பயன்படுத்துற சக பதிவர்கள், தமிழ் ஃபைல் பேர் உங்க திரையில எப்படித் தெரியுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பழைய பதிப்பா இருந்தா முதல்ல புதுப்பிச்சிடுங்க. இன்னும் "உண்மையிலேயே_கடைசி"ன்னு பேர் வச்சு சேமிக்கிறவங்களுக்காக, கிட்டை வச்சு பதிவு எழுதுறது எப்படின்னு தனியா ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன். ஆபீஸ்ல ஆணி குறைஞ்சதும் :-)